வெங்காய ஏற்றுமதியை ராத்திரியோடு ராத்திரியாக நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதவரத்தில் சின்னதாக ஒரு பேக்கிங் கூடம் வைத்து மலேசியா, சிங்கப்பூர், இலங்கைக்கு வெங்காயம் அனுப்புகிறவன் நான். பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. சீசன் நேரத்தில் தரம் பிரிக்கப் பன்னிரண்டு பெண்கள் வருவார்கள், நாலு லோடுமேன்கள், நான், என் தங்கை மகன், அவ்வளவுதான். அப்பா கொத்தவால் சாவடியில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதியவர். 1996-ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனபோது அவரும் கூடவே போனார், அவர் பின்னாலேயே நானும் போனேன். வெங்காயச் சாக்கு வாசனையிலேயே வளர்ந்தவன் என்கிற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டினால் எல்லாப் பேப்பரிலும் முதல் பக்கத்தில் வருகிறது, டிவியில் நாள் முழுக்க ஓடுகிறது. உடனே யாராவது ஒருவர் ஏற்றுமதியை நிறுத்து என்கிறார், நிறுத்தியும் விடுகிறார்கள். அதற்கப்புறம் என்ன ஆனது, சரக்கு எங்கே போனது, யார் வீட்டுப் பணம் போனது என்று யாரும் கேட்பதில்லை. விலை பத்து ரூபாய்க்கு விழுந்து விவசாயி மூட்டையைச் சந்தையிலேயே விட்டுவிட்டுப் போனால் அது எங்கேயோ உள்பக்கத்தில் நாலு வரி.

ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. விலை கண்டபடி ஏறும்போது நம் ஜனங்களுக்கு முதலில் என்று ஒரு அரசு நினைப்பது நியாயம்தான். என் கோரிக்கை அதைச் செய்கிற முறை பற்றியது. ராத்திரி ஒரு அறிவிக்கை, காலையில் கேட் மூடல் என்கிற இந்தப் பழக்கத்தை விட வேண்டும். பேக்கிங் முடிந்து துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்ட சரக்கை மறிக்கக் கூடாது. விலை எந்த அளவுக்குப் போனால் என்ன கட்டுப்பாடு வரும் என்பதை சீசனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன், கொஞ்சம் நீளமாகவே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 செப்டம்பர் 14. கொரோனா காலம். கோயம்பேடு மே மாதமே மூடி, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசையில் நடந்துகொண்டிருந்தது, மழை பெய்தால் சேற்றில் கால் வைக்க முடியாது. ஆள் கிடைக்காது, லாரி கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை இரட்டிப்பு. அந்த நிலைமையில் சிக்கபள்ளாப்பூர் பக்கத்திலிருந்து ரோஸ் வெங்காயம் கொண்டுவந்து இறக்கி, தரம் பிரித்து, வலைப்பையில் போட்டு, இருபத்தெட்டு டன் ஏற்றின ஒரு நாற்பதடி ரீஃபர் (குளிர்சாதன) கன்டெய்னர் ராயபுரம் பக்கம் ட்ரெய்லரில் வரிசையில் நிற்கிறது. துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், டிரைவர்கள் வண்டிக்கடியிலேயே அடுப்பு வைத்துச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். சாயங்காலத்துக்கு மேல் சுங்க வேலைகளைப் பார்க்கிற கிளியரிங் ஏஜென்ட் போன் பண்ணினார். "அண்ணே, வெங்காயத்த நிறுத்திட்டாங்க. எல்லா ரகமும்." ரோஸுமா என்று கேட்டேன். "எல்லா ரகமும்னுதான் போட்டிருக்கு." மாறுதல் கால ஏற்பாடு இதற்குப் பொருந்தாது என்றும் அந்த அறிவிக்கையிலேயே எழுதிவிட்டார்கள். அதாவது ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டவன், பணம் வாங்கினவன் யாருக்கும் சலுகை கிடையாது.

இந்த ரோஸ் வெங்காயத்தைச் சென்னைக்காரர்கள் நிறைய பேர் கண்ணால் பார்த்தே இருக்க மாட்டீர்கள். சின்னதாக, அடி தட்டையாக, கருஞ்சிவப்பாக இருக்கும், காரம் தூக்கல். பெங்களூர் கிராமப்புறம், கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கம் விளைகிறது, கிட்டத்தட்ட முழுக்க ஏற்றுமதிக்காகவே போடுகிறார்கள். கடப்பா மாவட்டத்துக் கிருஷ்ணாபுரம் வெங்காயமும் அப்படித்தான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதைத் தேடி வாங்குவார்கள், நம் கடைகளில் கேட்க ஆள் இல்லை. நம் வீட்டு சாம்பாருக்காகப் போட்ட தடையில் நம் வீட்டுக்கு வரவே வராத வெங்காயமும் மாட்டிக்கொண்டது. இதை டெல்லியில் யாரோ புரிந்துகொண்டு அக்டோபர் 9-ம் தேதி ஒரு தளர்வு கொடுத்தார்கள். ரோஸ் பத்தாயிரம் டன், கிருஷ்ணாபுரம் பத்தாயிரம் டன், 2021 மார்ச் 31 வரை, சென்னைத் துறைமுகம் வழியாக மட்டும். நல்ல முடிவு, இன்றைக்கும் அதற்கு நன்றி சொல்வேன். ஆனால் நடுவில் இருபத்தைந்து நாள் போய்விட்டது.

இருபத்தைந்து நாள் என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் வெங்காயத்தைத் தெரிந்திருக்க வேண்டும். பிடுங்கின பிறகும் அதற்கு உயிர் இருக்கிறது, மூச்சு விடும், சூடாகும், வியர்க்கும். பிடுங்கியதும் தாளோடு நிழலில் காயப் போட்டு, கழுத்து நன்றாகச் சுருங்கினபின் ஒரு அங்குலம் விட்டுத் தாளை அறுக்க வேண்டும், அவசரப்பட்டு ஒட்ட அறுத்தால் அந்த வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும். எங்கள் கூடத்தில் ஒரு அம்மா இருக்கிறார், இருபது வருஷமாக வருகிறார், வெங்காயத்தைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் கழுத்தை ஒரு அழுத்து அழுத்துவார், உள்ளே மெத்தென்று இருந்தால் தனியாகப் போட்டுவிடுவார். வெளியே பார்த்தால் நமக்கு ஒரு குறையும் தெரியாது, அறுத்துப் பார்த்தால் நடு இதழ் பழுப்பாக இருக்கும். ஒரு வலைப்பையில் அப்படி ஒரு காய் தப்பிப் போனால் போதும், தண்ணீர் விட்டு பக்கத்துக் காயை நனைக்கும், அது அதற்குப் பக்கத்துக் காயை. கப்பலில் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு ஒரு வாரப் பயணம் என்று கணக்குப் போட்டுத்தான் நாங்கள் காய வைப்பதையும் மூட்டை கட்டுவதையும் செய்கிறோம். அந்தக் கன்டெய்னரைத் துறைமுகத்தில் கரண்ட் போட்டு வைத்திருந்தால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாடகை, கப்பல் கம்பெனிக்குத் தனியாகத் தாமதக் கட்டணம். நான் பத்தாவது நாளே திருப்பி எடுத்துவிட்டேன். கதவைத் திறந்தபோது வந்த நெடியை இப்போது நினைத்தாலும் தொண்டை எரிகிறது. மூன்றில் ஒரு பங்கு குப்பை, மிச்சத்தைத் திருமழிசையில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். கேட்பவர்கள் இல்லாத ரகத்துக்கு என்ன விலை கிடைக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்தக் கடனை அடைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

சரி, அது கொரோனா, ஏதோ நடந்துவிட்டது என்று விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. அதற்கு ஒரு வருஷம் முன்பு 2019 செப்டம்பர் 29-ல் இதே மாதிரி தடை, 2020 மார்ச்சில்தான் எடுத்தார்கள். மறுபடி செப்டம்பரில் தடை, 2021 ஜனவரி 1-ல் திறப்பு. அப்புறம் 2023-ல் ஆரம்பித்தது பாருங்கள். ஆகஸ்ட் 19-ல் திடீரென்று 40 சதவீத ஏற்றுமதி வரி, மகாராஷ்டிராவில் நாசிக் பக்கம் உள்ள பெரிய வெங்காயச் சந்தையான லாசல்கானில் வியாபாரிகள் ஏலத்தையே நிறுத்திவிட்டார்கள். அக்டோபர் கடைசியில் டன்னுக்கு 800 டாலருக்குக் குறைந்து அனுப்பக் கூடாது என்றார்கள். டிசம்பர் 8 முதல் அடியோடு தடை, மார்ச் 31 வரைதான் என்று சொன்னார்கள். அந்தத் தேதியை நம்பி எத்தனை பேர் ஏப்ரலுக்கு ஆர்டர் பிடித்தார்கள் தெரியுமா, நானும்தான். 2024 மார்ச் 22-ம் தேதி, மறு உத்தரவு வரும் வரை தடை தொடரும் என்று வந்தது. மே 4-ல் திறந்தார்கள், ஆனால் 550 டாலர் குறைந்தபட்ச விலை, கூடவே 40 சதவீத வரி. செப்டம்பர் 13-ல் குறைந்தபட்ச விலையை எடுத்து வரியை இருபதாக்கினார்கள். 2025 ஏப்ரல் 1-ல் வரியும் போனது. இருபது மாதத்துக்குள் ஏழு மாற்றம். தங்கை மகன் ஒவ்வொரு அறிவிக்கையையும் பிரின்ட் எடுத்துக் கூடத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஏதோ காலண்டர் என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்க்கிறார்கள்.

நடுவில் தடை இருந்த காலத்திலும் ஏற்றுமதி நடக்காமல் இல்லை. 2024 ஏப்ரலில் பங்களாதேஷ், அமீரகம், பூடான், பஹ்ரைன், மொரிஷியஸ், இலங்கை என்று ஆறு நாடுகளுக்கு 99,150 டன் அனுமதித்தார்கள். அது தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் வழியாக, அரசுக்கு அரசு என்கிற கணக்கில் போனது. அண்டை நாட்டுக்கு உதவுவது சரியான காரியம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இருபது வருஷமாகக் கொழும்பில் ஒரு கடைக்காரருக்கு மாதம் தவறாமல் சரக்கு அனுப்பினவனுக்கு அதில் ஒரு மூட்டைக்குக் கூட வழி இல்லை.

கிள்ளானில் எனக்கு ஒரு பையர் இருக்கிறார். தமிழர், வயதில் பெரியவர், அப்பா காலத்திலிருந்து பழக்கம். 2024 மே மாதம் திறந்தவுடனே சந்தோஷமாகப் போன் போட்டேன். அவர் சொன்னது அப்படியே மனதில் நிற்கிறது. "தம்பி, உங்க சரக்கு நல்ல சரக்கு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அது எப்ப வரும்னு உங்களுக்கே தெரியாதே. பாகிஸ்தான்காரன் தேதி சொல்றான், சீனாக்காரன் தேதி சொல்றான். என் கடைக்கு நாள் தவறாம வேணும்ப்பா." எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது முன்பு வாங்கினதில் பாதிதான் என்னிடம் வாங்குகிறார். அதுவும் பழக்கத்துக்காக என்று நினைக்கிறேன். பங்களாதேஷும் அடிபட்ட பிறகு சொந்த விளைச்சலைக் கூட்டுவதில் இறங்கிவிட்டது. 2020-ல் எல்லையில் லாரி லாரியாக வெங்காயம் நின்று அழுகினதை அவர்கள் மறப்பார்களா? கை விட்டுப்போன சந்தையை நாளைக்கு வரியை எடுத்துவிட்டோம் என்று ஒரு அறிவிக்கை போட்டுத் திரும்பப் பிடித்துவிட முடியாது. நம் வெங்காயத்தின் காரமும் நிறமும் அவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் புதுச் சரக்குக்கு ஒரு சமையல்காரர் ஒரு வருஷம் பழகிவிட்டால் அப்புறம் அதுதான் அவர் கைக்கு வரும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இட்லிக்கடை வைத்திருக்கிறார். விலை ஏறின நாளில் என்னைப் பார்த்தால் விடமாட்டார். "ஏம்ப்பா, நீ கப்பல்ல ஏத்தி அனுப்புறதாலதான எனக்கு இங்க கிலோ நூறு ரூபா?" அவர் கேட்பது நியாயமான கேள்வி. காலையில் வெங்காயச் சட்னி இல்லை என்றால் பாதி வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அவருக்கு நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். 2022-23-ல் நாட்டில் விளைந்தது சுமார் 302 லட்சம் டன், வெளியே போனது சுமார் 25 லட்சம் டன். பன்னிரண்டு மூட்டையில் ஒரு மூட்டை. அந்த ஒரு மூட்டையும் இங்கேயே நின்றால் விலை கொஞ்சம் குறையும், அதை நான் மறுக்க மாட்டேன், சரக்குத் தட்டுப்பாடான வாரத்தில் அது கணிசமாகவே தெரியும். ஆனால் சென்னையில் விலை நூறைத் தாண்டுவது பெரும்பாலும் அந்த மூட்டையால் அல்ல. மார்ச்சிலிருந்து மே வரை எடுக்கிற ராபி வெங்காயத்தைத்தான் செப்டம்பர், அக்டோபர் வரை சேமித்து வைத்து விற்கிறார்கள், அதில் அழுகினதும் முளைத்ததும் எடை குறைந்ததும் போக மிச்சம்தான் நமக்கு வருகிறது. அந்தச் சரக்கு தீருகிற நேரத்தில் மகாராஷ்டிராவிலோ கர்நாடகத்திலோ மழை கொட்டிப் புதுப் பயிர் அழிந்தால் முடிந்தது.

2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 29-லேயே ஏற்றுமதிக்குத் தடை வந்துவிட்டது. சென்னையில் விலை உச்சத்துக்குப் போனது டிசம்பரில், கிலோ 150 ரூபாயைத் தாண்டி. தடை போட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆன பிறகு! அப்போது எகிப்து, துருக்கி வெங்காயம் வந்ததே, ஒரு காய் கை நிறைய இருக்கும், காரமே இருக்காது, கோயம்பேட்டில் வாங்கினவர்களே மறுநாள் வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். அப்படி இறக்கினதில் 18,000 டன்னில் 2,000 டன்தான் விற்றது என்று 2020 ஜனவரியில் மத்திய அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வானே சொன்னார். மிச்சத்தைக் கிலோ 22 ரூபாய்க்கு மாநிலங்களுக்குக் கொடுக்கத் தயார் என்றார்கள். அந்தப் பணத்தில் எத்தனை சேமிப்புக் கிடங்கு கட்டியிருக்கலாம் என்று அப்போதே என் அப்பா கேட்டார். அவர் இப்போது இல்லை.

இதைவிட நல்ல வழியும் அரசு கையில் இருக்கிறது, செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் அரசு இருப்பிலிருந்து எடுத்துக் கிலோ 35 ரூபாய்க்கு வண்டியில் வைத்து விற்றார்கள், சென்னையிலும்தான். அக்டோபரில் நாசிக்கிலிருந்து ரயிலிலேயே 840 டன் சென்னைக்கு வந்தது. அப்போது ஏற்றுமதியும் 20 சதவீத வரியோடு நடந்துகொண்டுதான் இருந்தது. அதற்கப்புறமும் விலை ஏறத்தான் செய்தது, மறைக்கவில்லை, ஆனால் வண்டி வந்த தெருவில் ஜனங்களுக்கு 35 ரூபாய்க்குக் கிடைத்தது, விவசாயிக்கும் வெளிச்சந்தை மூடவில்லை. அந்த வண்டிகள் இன்னும் நாலு மடங்கு வந்திருந்தால், இட்லிக்கடை அக்கா மாதிரி மொத்தமாக வாங்குகிறவர்களுக்கும் ஒரு வழி செய்திருந்தால், தடை என்கிற பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

சின்ன வெங்காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. பெரம்பலூர், துறையூர், திண்டுக்கல், பல்லடம் பக்கம் போய்ப் பாருங்கள். விதை வெங்காயம் வாங்கி ஊன்றுகிற செலவே முதுகை முறிக்கும், எழுபது நாளில் பிடுங்க வேண்டும், விலை இல்லை என்றால் பட்டறை போட்டு ஓலை வேய்ந்து ஏறும் வரை காத்திருப்பார்கள். இது நாசிக் வெங்காயத்துக்கு மாற்று கிடையாது, அதன் விலைக்கும் இதன் விலைக்கும் பல வருஷம் சம்பந்தமே இருக்காது. 2019-லும் 2020-லும் நாசிக் விலைக்காகப் போட்ட தடையில் இதுவும் சேர்ந்தே நின்றது. மலேசியாவிலும் வளைகுடாவிலும் இலங்கையிலும் இதை வாங்குவது யார்? பெரும்பாலும் நம் ஜனங்கள்தான், அவர்களுக்கு இது இல்லாமல் சாம்பார் சாம்பாராக இருக்காது. சுங்கப் பட்டியலில் சின்ன வெங்காய வகைக்கு ஷாலட் என்று ஒரு தனிப் பிரிவு இருந்தும் நடைமுறையில் நம் சின்ன வெங்காயத்தைப் பெரிய வெங்காயத்தோடு ஒரே கண்ணால்தான் பார்க்கிறார்கள். தனிக் குறியீடு கொடுத்துத் தனியாக நடத்துங்கள் என்று விவசாயிகள் பல வருஷமாகக் கேட்கிறார்கள். 2023 செப்டம்பரில் பெங்களூர் ரோஸுக்கு 40 சதவீத வரியிலிருந்து விலக்கு கிடைத்தது, கர்நாடகத் தோட்டக்கலைத் துறை சான்றிதழ் கொடுத்தால் போதும் என்றார்கள். அது கர்நாடகத்தால் முடிந்தது என்றால் தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறையால் ஏன் முடியாது? நம் எம்.பி.க்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை இதைக் கேட்டால் என்ன?

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு விலையை முன்கூட்டியே குறித்து, லாசல்கானில் அது இத்தனை வாரம் தொடர்ந்தால் இவ்வளவு வரி, அதற்கும் மேல் போனால் நிறுத்தம் என்று எழுதி வைத்துவிடுங்கள், நாங்கள் அதைப் பார்த்து ஆர்டர் பிடிக்கிறோம், விவசாயியும் அதைப் பார்த்துப் பயிர் போடுவார். அப்படி நிறுத்துவதாக இருந்தாலும் மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள். 2023 டிசம்பரில் கப்பலில் ஏற்ற ஆரம்பித்துவிட்ட சரக்கையும் சுங்கத்திடம் ஒப்படைத்துவிட்ட சரக்கையும் போக விட்டார்கள், அது நல்லது, ஆனால் சாலையில் நிற்கிற ட்ரெய்லருக்கும் கூடத்தில் கட்டி வைத்த மூட்டைக்கும் அது உதவவில்லை. அவகாசம் கொடுத்தால் எல்லோரும் அவசர அவசரமாக அனுப்பி இங்கே விலையை ஏற்றிவிடுவார்கள் என்பார்கள். அந்த மூன்று வாரத்துக்கு, ஏற்கெனவே ஒப்பந்தம் பதிவான அளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் தீர்ந்தது.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். தினமும் கோயம்பேடு விலைப்பட்டியல் போடுகிறீர்கள், காலையில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அதற்குப் பக்கத்திலேயே லாசல்கானில் அன்றைக்கு விவசாயிக்குக் கிடைத்த விலையையும் திண்டுக்கல் சந்தையில் சின்ன வெங்காயத்துக்குக் கிடைத்த விலையையும் இரண்டே வரியில் போடுங்கள். இட்லிக்கடை அக்காவும் பார்க்கட்டும், நானும் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு வெங்காய ஏற்றுமதியாளர்,
மாதவரம், சென்னை - 60.